இலையின் அடிப்பக்கம்: ஊற்றடியில் நட வாங்கிய 48 ரத்மல் கன்றுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. மேல்மலைத் தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. காட்டோரத்தில் ஓர் ஊற்று. மூன்று லயங்களுக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பாடசாலைக்கும் தண்ணீர் அதிலிருந்துதான் குழாயில் வருகிறது. ஊற்றைச் சுற்றி நின்ற பழைய யூக்கலிப்டஸ் மரங்களை வெட்டி எடுத்த பிறகு சரிவு வெறுமையாகி, மழை பெய்தால் குழாயில் செம்மண் கலங்கி வரத் தொடங்கியது. உள்ளூர் மரங்களை அங்கே நடுவது என்று தோட்ட நிர்வாகமும் பெற்றோரும் பாடசாலைச் சுற்றாடல் கழகமும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். நான் அந்தப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கழகமும் என் பொறுப்பில்தான் இருந்தது.

நடுவதற்கு எல்லோரும் முதலில் கேட்ட மரம் ரத்மல். சிங்களத்தில் மகா ரத்மல், அதாவது பெரிய சிவப்புப் பூ. தாவரவியலில் ரொடோடென்ட்ரன் ஆர்போரியம் என்ற இனத்தின் சைலானிக்கம் என்ற துணை இனம். இலங்கையில் இயற்கையாக வளரும் ரொடோடென்ட்ரன் இது ஒன்றுதான். உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: புல்வெளி நடுவே முறுக்கிய அடிமரத்தோடு தனித்தனியாக நிற்கும். பட்டை தடித்து, வெடித்து, தக்கைபோல இருக்கும். புல்வெளியில் தீ ஓடினாலும் பெரிய மரம் பிழைத்துக்கொள்வது அந்தப் பட்டையால்தான்.

அதே இனத்தின் வேறு துணை இனங்களும் உள்ளன. நீலகிரி, பழனி மலைகளில் இருப்பது நீலகிரிக்கம். அங்கே தமிழில் காட்டுப்பூவரசு என்பார்கள். இமயமலையில் இருப்பது ஆர்போரியம் என்றே பெயர் கொண்ட துணை இனம். நேபாளத்தின் தேசிய மலர் அதுதான். எல்லாவற்றுக்கும் சிவப்புப் பூ உண்டு. இந்த நிகழ்வு முழுக்க அந்த ஒற்றுமையால் வந்த சிக்கல்தான்.

கன்றுகள் வந்த விதம்

தேசிய பூங்காவுக்குள் விதையோ கன்றோ எடுக்கக் கூடாது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து ஓர் இலையைக்கூடப் பறிக்க முடியாது. அதனால் நகரத்தில் பூங்கன்று விற்கும் ஒரு தனியார் தவறணையில் (நாற்றுப் பண்ணையில்) 48 கன்றுகள் வாங்கினோம். முழங்கால் உயரம், கறுப்புப் பொலித்தீன் பை, ஒவ்வொன்றிலும் "மகா ரத்மல்" என்று எழுதிய பிளாஸ்டிக் அட்டை. விலை நியாயமாக இருந்தது, கன்றுகளும் நன்றாகத் தெரிந்தன. விதை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

யூன் மாதம், மழை பிடித்ததும் முதல் 9 கன்றுகளை ஊற்றடியில் நட்டோம். மீதி 39ஐயும் உடனே நட ஆளில்லை. தோட்டத்துத் தேயிலைத் தவறணையின் ஒரு மூலையில், நிழல் வலைக்குக் கீழே வைத்தோம்.

மஞ்சள் இலை

செப்டெம்பரில் அந்த 39 கன்றுகளின் இளம் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட இடம் வெளிறியது. ஊற்றடியில் நட்ட 9க்கும் ஒன்றும் இல்லை.

காரணம் இரண்டு நாளில் தெரிந்தது. தவறணையில் வேலை செய்யும் ஒருவர், கவ்வாத்து வெட்டிய மலைக்குப் போட்டது போக மிச்சமிருந்த டொலமைட்டை நல்ல எண்ணத்தோடு ஒவ்வொரு பைக்கும் ஒரு பிடி போட்டிருந்தார். டொலமைட் மண்ணின் புளிப்பைக் குறைக்கும். ரொடோடென்ட்ரன் குடும்பத்துச் செடிகளுக்குப் புளிப்பு மண்தான் வேண்டும். புளிப்பு குறைந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை வெளுக்கும். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கன்றை அவரிடம் ஒப்படைத்தபோது எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று நாங்கள் சொல்லவே இல்லை.

காரணம் தெரியாத அந்த இரண்டு நாளில், பூச்சியாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் கழகப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கன்றிலும் மூன்று இலையைத் திருப்பி, அடியில் சிலந்திப்பேனோ வேறு பூச்சியோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகைக்கடையில் பாவிக்கும் பத்து மடங்கு வில்லை ஒன்று என்னிடம் இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வில்லையும் கையுமாக ஓடிவந்து சொன்னாள்:

"சேர், பூச்சி ஒண்டும் இல்ல. ஆனா இதுல ரெண்டு சாதி இருக்கு."

இலையின் அடிப்பக்கம்

போய்ப் பார்த்தேன். மேலே பார்த்தால் எல்லாக் கன்றும் ஒரே மாதிரி, நீண்ட கரும்பச்சை இலை. திருப்பினால் கொஞ்சத்தில் அடிப்பக்கம் வெள்ளி நிறம், மற்றதில் பழுப்பு.

வெள்ளி நிற இலையின் அடியில் இருந்த பூச்சு மெல்லியது. இலையோடு ஒட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவர்போல வழவழவென்று கிடந்தது. பெருவிரலால் தேய்த்தால் ஒன்றும் வரவில்லை. வில்லையில் பார்த்தாலும் தனி ரோமமாகப் பிரித்தறிய முடியாத அளவுக்கு நெருக்கம். பழுப்பு இலையில் அப்படியில்லை. பஞ்சுபோன்ற தடித்த படலம். தேய்த்தால் விரல் நுனியில் துருத்தூள்போல ஒட்டியது. மேல்பக்கத்தையும் அதன் பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தோம். பழுப்பு இலைகளில் நரம்புகள் ஆழமாகப் பதிந்து, இடைப்பட்ட சதை மெத்தைத் தையல்போலப் பொம்மியிருந்தது. ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. வெள்ளி இலைகள் அவ்வளவாகப் பொம்மவில்லை.

அன்றே எண்ணினோம்: வெள்ளி 33, பழுப்பு 15. (ஊற்றடியில் நட்டவற்றையும் சேர்த்து.)

அந்த எண்ணிக்கை தவறு. ரத்மல் எந்தத் துணை இனமானாலும் புதிதாக விரியும் தளிரின்மேல் வெண்மையான மென்ரோமம் இருக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டிய நுனி இலையைத் திருப்பிப் பார்த்து "வெள்ளி" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து விதியை மாற்றினேன். இந்த ஆண்டுத் தளிரை விட்டுவிட்டு, கீழே இருக்கும் முற்றிய இலையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கன்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. இந்த முறை வெள்ளி 26, பழுப்பு 19, இரண்டிலும் சேராமல் 3. முதல் எண்ணிக்கையை நம்பியிருந்தால் நல்ல கன்றுகள் சிலவற்றை அழித்திருப்போம்.

எதோடு ஒப்பிட்டோம்

கன்றை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்று தோன்றியது. இளம் கன்றில் அடிப்படலமும் பொம்மலும் முழுதாக வெளிவந்திருக்காது. சரியான மரம் எது என்று தெரிய முற்றிய மரம் வேண்டும்.

அருகில் இருந்தது தோட்டத்துப் பங்களா முற்றத்து மரம். எல்லோரும் அதைத்தான் காட்டினார்கள். நான் தயங்கினேன். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பங்களாத் தோட்டங்களுக்கு எங்கெங்கிருந்தோ செடி கொண்டுவந்து வைத்தார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் இன்று களையாகப் பரவி நிற்கும் முள்செடி கோர்ஸ்கூட அப்படி ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். பங்களா மரமே வெளியூரதாக இருந்தால், அதோடு ஒப்பிட்டு எதை நிரூபிப்பது?

அதனால் மூன்று வழியில் பார்த்தோம். முதலில் ஹோர்ட்டன் சமவெளிப் பாதையோரத்து மரங்களை, எதையும் தொடாமல், கீழிருந்து இலையின் அடிப்பக்கம் தெரியும்படி படம் எடுத்தோம். இரண்டாவதாக, பேராதனைத் தாவரவியற் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரகத்தில் பழைய மாதிரிகளைப் பார்க்க அனுமதி கேட்டுப் போனேன். மூன்றாவது, எங்கள் தோட்டத்திலேயே இருந்த ஒரு பெரியவர். இளவயதில் காட்டோரத்தில் தீத்தடைப் பாதை வெட்டியவர். அவரிடம் இரண்டு இலையைக் கொடுத்தேன். மேல்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை, வாங்கியதும் திருப்பினார்.

"நம்ம மரத்துக்கு அடியில துரு புடிச்சிருக்கும் தம்பி. வெள்ளி பூசினது நம்மட இல்ல. எங்கிருந்து கொண்டாந்தீங்க இத?"

மூன்று வழியும் ஒரே பதிலைத் தந்தன. காட்டு மரம், உலர்மாதிரி, பெரியவரின் நினைவு எல்லாவற்றிலும் அடிப்பக்கம் பழுப்பு, மேல்பக்கம் பொம்மல், நுனி கூர். பங்களா மரமும் அதேபோல இருந்தது. அதைப் பெரியவரின் அப்பா காலத்தில் காட்டோரத்திலிருந்து பிடுங்கி வந்து வைத்தார்களாம். நீலகிரித் துணை இனத்துக்கும் அடிப்பக்கம் பழுப்புத்தான் என்பதால் அதையும் யோசிக்க வேண்டியிருந்தது. ஆனால் அதன் இலை அகலமாக, நுனி மழுங்கியிருக்கும்; சைலானிக்கம் அளவுக்குப் பொம்மாது. எங்கள் பழுப்புக் கன்றுகள் அப்படி இல்லை.

பேராதனைப் பூங்காவில் என்னோடு பேசிய தாவரவியலாளர் ஒருவர் சொன்ன எடுத்துக்காட்டு எனக்குப் பிறகு வகுப்பில் மிகவும் பயன்பட்டது. ரத்மல் சேர்ந்த இதே ஹீதர் குடும்பத்தில், வட அமெரிக்காவின் உயர்மலைகளிலும் ஆர்க்டிக்கிலும் தரையோடு படர்ந்து வளரும் காசியோப்பி என்ற மலை ஹீதர் உண்டு. சாண் உயரம், செதில்போன்ற குட்டி இலை, தலைகவிழ்ந்த வெள்ளை மணிப்பூ. டெட்ராகோனா, மெர்டென்சியானா என்ற இரண்டு இனங்களையும் பூவை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் குழம்பிப்போவோம். இலையின் வெளிப்புறத்தைப் பார்க்க வேண்டும்: டெட்ராகோனாவின் இலைமுதுகில் நீளவாக்கில் ஆழமான ஒரு பள்ளக்கோடு ஓடும், மெர்டென்சியானாவில் அந்தக் கோடு முழுதாக இருக்காது. விரல்நகம் அளவுகூட இல்லாத இலையில் ஒரு கோடு, அவ்வளவுதான் அடையாளம்.

அவர் சொன்ன இன்னொன்று எங்கள் முடிவையே தீர்மானித்தது. அதே மலைகளில் ஃபில்லோடோசி என்ற ஹீதர் வகையில், இளஞ்சிவப்பு மணிப்பூ உள்ள ஓர் இனமும், மஞ்சள் கலந்த பச்சையில் பிசுபிசுத்த குடுவைப்பூ உள்ள ஓர் இனமும் இருக்கின்றன. பார்த்தவுடனே வேறு வேறு என்று தெரியும் இந்த இரண்டும் ஒரே சரிவில் சந்திக்கும் இடங்களில் தாமாகவே கலந்து, இடைப்பட்ட நிறத்தில் கலப்பினம் உண்டாகிறது. தனி இனங்களே அப்படிக் கலக்கும்போது, ஒரே இனத்தின் இரண்டு துணை இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் பூத்தால் என்ன நடக்கும் என்று அவர் என்னிடமே கேட்டார்.

வெள்ளி இலை வந்த வழி

கன்று விற்றவரிடம் போனேன். சண்டை பிடிக்கப் போகவில்லை. எங்கே கலந்தது என்று தெரிய வேண்டியிருந்தது. அவரும் மறைக்கவில்லை. ஒரு தட்டு விதை ஏதோ ஒரு பழைய பங்களாத் தோட்டத்து மரத்திலிருந்து வந்தது. இன்னொரு தட்டு, லும்பினி யாத்திரை போய் வந்த உறவினர் ஒருவர் நேபாளத்திலிருந்து கடதாசியில் மடித்துக் கொண்டுவந்தது. ரத்மல் விதை தூசிமாதிரி நுணுக்கமானது. ஒரு சிட்டிகையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். இரண்டு தட்டையும் ஒரே வாரத்தில் முளைக்கவிட்டு, நாற்றைப் பைக்கு மாற்றும்போது தட்டுகளின் அட்டை விழுந்துவிட்டது.

"சிவப்புப் பூ, பெரிய மரம். ரெண்டும் மகா ரத்மல்தானே சேர்? நான் ஏமாத்தல" என்றார்.

அவர் ஏமாற்றவில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை. வெளிநாட்டு விதையை அனுமதியில்லாமல் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண். விதையோடு தாவரங்களைக் கெடுக்கும் நோயோ பூச்சியோ வரலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அக்கறை. ஆகவே கேள்வி இரண்டானது: காட்டு மரத்தோடு கலப்பது ஒன்று, நோய் இன்னொன்று.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அவசரப்படாமல் இருப்பது. ரத்மல் விதையிலிருந்து வளர்ந்து பூக்கப் பல ஆண்டு எடுக்கும். அதனால் மகரந்தக் கலப்பு என்ற ஆபத்து நாளைக்கே வரப்போவதில்லை. அடுத்த தளிர்ப்பு முற்றும்வரை காத்திருந்தால் சந்தேகமான 3 கன்றுகளும் தெளிவாகலாம். ஊற்றடியில் நட்ட 9இல் 5 வெள்ளி, 4 பழுப்பு என்று அடையாளமிட்டு, நிறத்துணி கட்டி, அங்கேயே விட்டோம்.

இரண்டாவது, மண்ணைச் சரிசெய்வது. பைகளின் மேல்மண்ணை டொலமைட்டோடு வழித்தெடுத்தோம். தோட்ட எல்லையில் இருந்த பைன் காட்டின் மக்கிய சருகையும் தேயிலை மண்ணையும் கலந்து நிரப்பினோம். காட்டு மண் எடுத்தால் வேகமாகத் தேறும் என்று சிலர் சொன்னார்கள். காட்டைக் காக்க நடும் மரத்துக்காகக் காட்டைத் தோண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவதுதான் கடினமானது. மே மாதம், எட்டு மாதம் காத்திருந்த பின், முற்றிய புது இலைகளை மறுபடி பார்த்தோம். 26 வெள்ளிக் கன்றுகளும் வெள்ளியாகவே நின்றன. சந்தேகமான 3இல் இரண்டு பொம்மி, பழுப்பேறித் தெளிந்தன. ஒன்று தெளியவில்லை.

26ஐ என்ன செய்வது? திருப்பிக் கொடுத்தால் வேறு யாராவது அதே பெயரில் வாங்குவார்கள். பங்களா முற்றத்தில் வைக்கலாம் என்று தோட்ட நிர்வாகம் சொன்னது. காட்டு விளிம்பு அங்கிருந்து கூப்பிடு தூரம், தேனீக்கு அது ஒரு தூரமே இல்லை. தாழ்நிலத்துக்கு அனுப்பினால் அந்த வெப்பத்தில் பிழைக்காது. பாடசாலையில் தொட்டியில் வைத்து ஆண்டுதோறும் மொட்டைக் கிள்ளலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அது நல்ல யோசனை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு யார் கிள்ளுவார்கள்? அனுமதியில்லாமல் வந்த விதை என்ற விஷயமும் இருந்தது. விவசாயத் துறை உத்தியோகத்தர் ஒருவரிடம் நிலைமையைச் சொல்லி, அவருடைய ஆலோசனைப்படி 26ஐயும் தெளியாத ஒன்றையும் வேரோடு எடுத்து எரித்தோம். ரத்மல் இலை கால்நடைக்கு நஞ்சு என்பதால் லயத்து ஆடுகள் எட்டாத இடத்தில் குழி வெட்டி, சாம்பலாகும்வரை நின்றோம்.

எரிப்பதற்கு முன் ஒவ்வொரு கன்றிலிருந்தும் இரண்டு முற்றிய இலையை எடுத்து, ஒன்றை மேல்பக்கம் தெரியவும் மற்றதை அடிப்பக்கம் தெரியவும் பழைய பத்திரிகைத் தாளுக்குள் அழுத்தி உலர்த்தி வைத்தோம். அன்று சில பிள்ளைகள் அழுதார்கள். நல்லாக இருக்கும் கன்றை ஏன் எரிக்கிறீர்கள் என்று ஒரு தாய் என்னிடம் நேராகக் கேட்டார். காட்டில் இருக்கிற நம் மரம் கலப்பில்லாமல் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவருக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. முடிவு சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசாதது என் பிழை.

ஊற்றடியில் இன்னொரு குழப்பம்

இடையில், நடும் குழிகளுக்காகச் சரிவைத் துப்புரவு செய்யும்போது வேறொன்றும் நடக்க இருந்தது. ஊற்றோரத்தில் இடுப்பளவு புதர்கள் நின்றன. தந்தநிற மணிப்பூ, கறுத்த பழம். களை என்று வெட்டக் கத்தி எடுத்துவிட்டார்கள். ரத்மலில் பட்ட பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளே தடுத்தார்கள். வெட்டும் முன் பார்ப்போம் என்று உட்கார்ந்தபோது, ஒரே புதர் என்று நாங்கள் நினைத்ததும் இரண்டு இனம்.

இவையும் ஹீதர் குடும்பம்தான். ஒன்று கோல்தீரியா, சிங்களத்தில் வெல் கபுரு. இலையைக் கசக்கினால் உளுக்குக்குப் பூசும் தைலத்தின் வாசம் குப்பென்று வரும். அந்த வாசம் மெதில் சாலிசிலேற்று என்ற பொருளுடையது. (குழந்தைகள் அந்த எண்ணெயைக் கொஞ்சம் விழுங்கினாலும் ஆபத்து, முகரலாம், வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.) மற்றது வக்சீனியம். கசக்கினால் அந்த வாசம் கிடையாது. பழத்திலும் வேறுபாடு தெளிவு. வக்சீனியத்தின் பழம் முழு உருண்டை. அதன் தலையில் கொய்யாப்பழத்தில் இருப்பதுபோல ஒரு சிறு முடிவளையம் இருக்கும். கோல்தீரியாவில் நாம் பழம் என்று நினைப்பது பூவின் புல்லிவட்டம் சதைப்பற்றாகிக் கறுத்தது. நுனியில் ஐந்து இதழாகப் பிளந்திருக்கும். விலக்கிப் பார்த்தால் உள்ளே உண்மையான உலர்காய் தெரியும்.

இரண்டையும் வெட்டாமல் விட்டோம். அந்தச் சரிவில் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது அவைதான். இரண்டு குழிகளைப் பக்கத்துக்கு நகர்த்த வேண்டி வந்தது, அவ்வளவுதான்.

அதன் பின்

டொலமைட் பட்ட பழுப்புக் கன்றுகளில் 3 தேறவில்லை. 12 தேறின. அவற்றோடு சந்தேகம் தெளிந்த 2ஐயும் சேர்த்து 14ஐ யூனில் நட்டோம். ஏற்கெனவே இருந்த 4உடன் ஊற்றடியில் 18.

ஜனவரி முடிவில் மூன்று நாள் விடியலில் துகள் பனி விழுந்தது. புல்நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளையாகி, வெயில் பட்டதும் கருகியது. சரிவின் அடியில், குளிர்க்காற்று தேங்கும் பள்ளத்தில் நட்ட 2 கன்றுகள் போயின. பெரிய மரத்தின் பட்டை தாங்குவதை முழங்கால் உயரக் கன்று தாங்காது. மேலே நட்டவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த யூனில் எண்ணியபோது 16 உயிரோடு நின்றன. ஒவ்வொன்றின் முற்றிய இலையையும் திருப்பிப் பார்த்தோம், எல்லாம் பழுப்பு. குழாய்த் தண்ணீர் இன்னும் கடும் மழையில் கலங்குகிறது. கன்றுகள் வேர் பிடித்து மண்ணை நிறுத்த இன்னும் காலம் எடுக்கும். இப்போதைக்குப் புல்லும் அந்த மணிப்பூப் புதர்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

கன்று விற்றவர் நேபாள விதையிலிருந்து மிஞ்சியிருந்த நாற்றுகளை அவராகவே அழித்துவிட்டார். விற்றுப்போனவை எங்கெங்கே போயின என்று அவரிடம் பதிவு இல்லை. தனக்கு நினைவிருந்த இரண்டு வீடுகளை மட்டும் சொன்னார். இரண்டுக்கும் போய் இலையைத் திருப்பிக் காட்டினோம். ஒரு வீட்டில் பழுப்பு. மற்ற வீட்டில் வெள்ளி; அவர்கள் உடனே பிடுங்கித் தந்தார்கள்.

மாற்றிக்கொண்டவை

கன்று வாங்கும் முன் முதல் கேள்வி இனி பெயரல்ல. விதை எந்த மரத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து, யார் எடுத்தது என்பதுதான். பதில் இல்லாவிட்டால் வாங்குவதில்லை.

பார்க்கும் முறையையும் எழுதி வைத்திருக்கிறோம். முற்றிய இலை, இரண்டு பேர், தனித்தனித் தாள். பூவை நாங்கள் சேர்க்கவில்லை. ரத்மல் பூவின் அழகைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டுகிறேன்: சிவப்பு மணிக்குள் பத்து மகரந்தத் தாள், ஊசிநுனியால் தொட்டால் மகரந்தம் சிலந்தி நூல்போல இழுபட்டு வரும். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் இந்தத் துணை இனங்களைப் பிரிக்க அது உதவாது.

தவறணையில் எங்கள் வரிசைக்கு முன்னால் "டொலமைட், சாம்பல், சுண்ணாம்பு போடக் கூடாது" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பலகை இருக்கிறது. அதை எழுதியது அந்த டொலமைட் போட்டவர்தான். அவரே கேட்டு எழுதினார்.

உலர்ந்த இலைத்தாள்களை வகுப்பறை அலுமாரியில் வைத்திருக்கிறோம். வருடத்தில் இரண்டு முறை பிரித்து, வெயிலில் காட்டி, புழு பார்த்து மடிக்கிறோம். சென்ற தவணையில், நிர்வாகத்தின் அனுமதியோடு பங்களா மரத்தின் காய்களைப் பெரியவர் காட்டிய கிளையிலிருந்து எடுத்து ஒரு தட்டு விதைத்தோம். தட்டின் இரண்டு பக்கத்திலும் அட்டை ஒட்டியிருக்கிறது. மூன்றாவது அட்டை மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கிறோம். அன்று வில்லையோடு ஓடிவந்த பிள்ளை இப்போது உயர்தரத்தில் படிக்கிறாள். தட்டுக்கான பதிவேடு அவள் பொறுப்பில் இருக்கிறது.